வேலம்பாசியும் அறுபது புல்கெண்டையும்

மேலச்செவல் பக்கம் எங்கள் வாழைத்தோட்டத்தின் மேல்வரப்பை ஒட்டி நாற்பது சென்டில் ஒரு குளம் இருக்கிறது. தாத்தா காலத்தில் வெட்டியது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கசிவிலேயே பாதி நிரம்பிவிடும். பிசான நெல் அறுத்துக் கால்வாயை அடைத்த பிறகு கிணற்று மோட்டார்தான் துணை. நடுவில் ஆறடி ஆழம், ஓரத்தில் இரண்டடி. கீழ்க்கரையில் கொஞ்சம் கோரை, மேற்கு மூலையில் அல்லி. இவற்றால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பிரச்சினை எல்லாம் வேலம்பாசி என்கிற நீர்க்களை.

அடிச் சேற்றிலிருந்து நூல் நூலாகக் கிளம்பி, தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடும். வாழைக்கு இறைக்கிற மோட்டாரின் புட்வால்வை, அதாவது உறிஞ்சுகுழாயின் அடிவாயை, சுற்றிக்கொள்ளும். தண்ணீர் ஏறாமல் மோட்டார் வெறுமனே ஓடும். ஆள் பார்க்காவிட்டால் காயில் புகைந்துவிடும். ரீவைண்டிங் கடையில் எங்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனாலே "வேலம்பாசியா?" என்றுதான் கேட்பார்கள்.

வழக்கமான வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. சீமைக்கருவேல முள்ளைக் கட்டாகக் கட்டி, இரண்டு கரையிலும் ஆள் நின்று கயிறு போட்டு இழுத்தோம். வண்டி வண்டியாக வந்தது. அடுத்த மாதமே பழையபடி. காரணம் எளிது. வேலம்பாசித் தண்டில் ஒரு கணு அறுந்து மிதந்தால் போதும், அது தனிச்செடி ஆகிவிடும். இழுக்க இழுக்க நாற்று நடுகிற வேலையைத்தான் செய்கிறோம். அது போக, சேற்றுக்குள் சின்னச் சின்னக் கிழங்கு வைக்கும். கோடையில் குளம் வற்றி வெடித்தாலும் அந்தக் கிழங்கு சாகாது; தண்ணீர் பட்டதும் முளைக்கும். களைக்கொல்லி அடிக்கலாம் என்று உரக்கடையில் சொன்னார்கள். அந்தத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது, வாழையும் குடிக்கிறது. தவிர, மொத்தப் பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை அது உறிஞ்சிவிடும், இருக்கிற மீனும் மிதக்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தது புல்கெண்டை. தின்னவே பிறந்த மீன். சீனா, ரஷ்ய எல்லையில் ஓடும் ஆமூர் ஆற்றிலிருந்து தெற்கே சீனாவின் பெரிய ஆறுகள் வரை அதன் பூர்வீகம். இந்தியாவுக்கு 1959-ல் ஹாங்காங்கிலிருந்து கட்டாக்குக்குக் குஞ்சுகளாக வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1957 ஜூலை 10-ல், ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி குழுவினர் நம் கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் குளத்திலேயே முட்டையிட வைத்திருந்தார்கள். அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதே ஊசி வழியில் புல்கெண்டையும் 1962-ல் இங்கே குஞ்சு பொரித்தது. இன்றைக்கு நாம் பையில் வாங்கிவரும் குஞ்சுகளும் அந்த ஊசி முறையில் வருபவைதான்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. குளத்தில் விட்டால் இது பெருகிவிடுமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். குளத்தில் பெருகாது. இதன் முட்டை ஓடும் ஆற்றில் நெடுந்தூரம் மிதந்துகொண்டே போனால்தான் பொரிக்கும். நிற்கும் தண்ணீரில் அடியில் தங்கிச் செத்துவிடும். ஜிலேபிக் கெண்டையோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி. ஜிலேபியைத் தெரியாமல் நாலு விட்டால் அடுத்த வருடம் குளம் முழுக்க விரல் அளவுக் குஞ்சுதான். புல்கெண்டை நாம் விட்ட எண்ணிக்கைதான், அதற்கு மேல் ஒன்றுகூடப் பெருகாது. ஆகவே எத்தனை விடுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். வேலையே அங்கேதான்.

இதில் இரண்டு கணக்கு இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. அமெரிக்காவில் தனியார் குளங்களில் களைக்காக மட்டும் விடுகிறவர்கள் ஏக்கருக்குப் பத்து, இருபது என்ற அளவில்தான் விடுகிறார்கள். அவர்கள் பிடித்துத் தின்பதில்லை. மீன் பத்து வருடத்துக்கும் மேல் அங்கேயே கிடக்கும். நம் ஊரில் கூட்டு மீன் வளர்ப்பு என்று கட்லா, ரோகு, மிர்காலோடு விடும்போது ஹெக்டேருக்கு ஐயாயிரம் குஞ்சு, அதில் பத்தில் ஒரு பங்கு புல்கெண்டை என்பார்கள். அப்படிப் பார்த்தால் ஏக்கருக்கு இருநூறு. பத்து மடங்கு வித்தியாசம். இரண்டும் சரிதான். அங்கே பாசியை ஓரளவு வைத்துக் கட்டுப்படுத்த வேண்டும், இங்கே வருடத்துக்குள் பிடித்து விற்க வேண்டும், பாசி போனால் புல்லறுத்துப் போட வேண்டும். நமக்கு எது வேண்டும் என்று தெரியாமல் யாரோ சொன்ன எண்ணை எடுத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் குளம் மொட்டையாகும், இல்லையென்றால் மூன்று வருடம் ஆனாலும் பாசி குறையாது.

எனக்குப் பாசி குறைய வேண்டும், மீனும் கொஞ்சம் வேண்டும், புல்லறுக்க வேலையாள் கிடையாது. அறுபது புல்கெண்டை, கூட ஐந்நூறு கட்லா, ரோகு, மிர்கால் என்று முடிவு செய்தேன். புல்கெண்டை தின்றதில் பாதி அரைகுறையாகத்தான் செரிக்கும். அதன் குடல் உடம்பைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். புல் தின்னிக்கு அது ரொம்பக் குட்டை. மிச்சம் அப்படியே எருவாக வெளியே வரும். அந்த எருவில் உண்டாகும் நுண்பாசியையும் பூச்சிகளையும் கட்லாவும் ரோகுவும் தின்னும், அடியில் சேர்வதை மிர்கால் பார்த்துக்கொள்ளும். வேலம்பாசியைக் கட்லாவுக்குத் தீனியாக மாற்றித் தருகிற இயந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

2023 கோடையில் குளத்தை ஓரடித் தண்ணீர் வரைக்கும் இறைத்தோம். முழுக்க வற்றவைக்க முடியவில்லை, நடுவில் ஊற்று உண்டு. அந்த ஓரடியில் விராலும் கெளுத்தியும் கிடக்கும். விரால் இருக்கிற குளத்தில் விரல் நீளக் குஞ்சு விடுவதும் விராலுக்குச் சோறு வைப்பதும் ஒன்றுதான். அதற்கு இலுப்பைப் பிண்ணாக்கு. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 2500 கிலோ என்பது கணக்கு. எங்கள் நாற்பது சென்டுக்கு ஓரடித் தண்ணீரில் 120 கிலோ வந்தது. முந்தின நாள் ஊறவைத்து, காலையில் கரைத்து நாலாபக்கமும் வீசினோம். சில மணி நேரத்தில் மீன் மேலே வந்துவிடும். அப்படிப் பிடித்ததைச் சாப்பிடலாம், ஒன்றும் செய்யாது. அன்றைக்குத் தெருவில் பாதி வீட்டில் விரால் குழம்பு. பிண்ணாக்கின் விஷம் மூன்று வாரத்தில் முறிந்துவிடும், அப்புறம் அதுவே எரு. பின்னால் நாற்பது கிலோ சுண்ணாம்பு தூவித் தண்ணீர் விட்டோம். எதிர்பார்த்தபடியே கிழங்கிலிருந்து வேலம்பாசி முதலில் எழுந்தது.

குஞ்சு வாங்குவது கவனமாகச் செய்ய வேண்டிய இடம். கட்லா, ரோகுக்கு அரசு மீன்பண்ணை பக்கத்தில் மணிமுத்தாற்றில் இருக்கிறது. புல்கெண்டையை ஒரு தனியார் பண்ணையில் சொல்லிவைத்தேன். வந்து இறங்கிய பையில் கால்வாசி மிர்கால். சின்ன வயதில் இரண்டும் நீளவாக்கில், வெள்ளையாக, ஒரே சாயலில் இருக்கும். முதுகுத் துடுப்பைப் பாருங்கள்: புல்கெண்டைக்கு அது குட்டை, ஏழெட்டு முள்கதிர்தான், மிர்காலுக்கு அதைப் போல இரண்டு மடங்கு. புல்கெண்டையின் தலை அகலம், வாய் நேராக முன்னால் திறக்கும், மீசை கிடையாது. செதில் பெரிசு, ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். மீசை தெரிந்தால் அது சாதாக் கெண்டை. அது அடிச்சேற்றைக் கிளறிக் கலக்கிவிடும். ஒரு வெள்ளை பேசினில் ஊற்றி ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வாங்கினேன். கொண்டுவந்த பையனுக்கு முகம் கறுத்துவிட்டது. "அண்ணாச்சி, எல்லாம் மீன்தான, எல்லாம் வளரும்" என்றான். வளரும். ஆனால் மிர்கால் பாசியைத் தின்னாது.

நீளம் நாலு அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். அதற்குச் சின்னதாக இருந்தால் தண்ணீர்ப்பாம்பு, நீர்க்காகம், தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு விரால் எல்லாவற்றுக்கும் வசதி. விலை கூடினாலும் பெரிய குஞ்சு வாங்குவதே லாபம். ஆற்றோரத்துக் குளம் என்றால் நீர்நாயையும் கணக்கில் வைக்க வேண்டும், அதற்குக் குஞ்சு பெரிய மீன் என்ற பேதம் இல்லை.

ஆவணியில், வெயில் ஏறும் முன்னால் இறக்கினோம். ஆக்சிஜன் பையைக் கட்டு அவிழ்க்காமல் கால்மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, பிறகு வாயைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். பையைச் சாய்த்துப் பிடித்தால் அதுவாக வெளியே போகும், கொட்டக்கூடாது. கட்லாக் குஞ்சுகள் கூட்டமாகப் போயின. புல்கெண்டை ஒன்றொன்றாகப் பாசிக்குள் நுழைந்தது, அதோடு சரி. அப்புறம் ரொம்ப நாள் கண்ணில் படவே இல்லை.

இதற்கு நடுவில் மறுகால் வேலை, அதாவது குளம் நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் வழி. புல்கெண்டை ஆற்று மீன், ஓடுகிற தண்ணீரைக் கண்டால் அதன் பின்னால் போகும். குளம் மறுகால் பாயும்போது அடைப்பு இல்லையென்றால் விட்டதில் பாதி பக்கத்து ஓடையில் இருக்கும். எங்கள் மறுகால் நாலடி அகலம். ஆங்கில் சட்டத்தில் பத்து மில்லிமீட்டர் கம்பிகளை ஓர் அங்குல இடைவெளியில் நிறுத்தி வெல்டிங் வைத்து ஒரு சல்லடை செய்தோம். குஞ்சு சின்னதாக இருக்கும் மாதங்களுக்கு அதன் முன்னால் அரை அங்குலக் கண் உள்ள வலைக்கம்பியைக் கழற்றி மாட்டும்படி கொக்கி. மீன் அரைக்கிலோ தாண்டியதும் அந்த வலைக்கம்பியைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் அதில்தான் சருகு முதலில் அடைக்கும்.

புரட்டாசி வரை ஒரு மாற்றமும் இல்லை. சொல்லப்போனால் பாசி முன்னைவிட அதிகம். அதில் ஆச்சரியம் இல்லை. கையகல மீன் அறுபது என்ன தின்றுவிடும்? வேலம்பாசி அதன் பாட்டுக்கு வளர்ந்தது. பக்கத்து வயல் அண்ணாச்சி கரையில் நின்று பார்த்துவிட்டு, "என்னவே, பாசியைத் தின்ன மீன் விட்டியா, இல்ல மீனைத் தின்னப் பாசி விட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த மாதங்களுக்கு மோட்டாரைக் காப்பாற்ற ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம்மில் சுற்றிலும் அரை அங்குலத் துளை போட்டு, புட்வால்வை அதற்குள் நிறுத்தினேன். பாசி டிரம்மின் வெளியில் ஒட்டும், வாரத்துக்கு ஒருதடவை கையால் வழித்தால் போதும். மீன் விடப்போகிறீர்களோ இல்லையோ, இந்த டிரம் வேலையை இன்றைக்கே செய்யலாம்.

ஐப்பசி கடைசியில் முதல் அடையாளம் தெரிந்தது. காற்று ஒதுக்குகிற கிழக்கு மூலையில் அறுந்த பாசித் துண்டுகள் மிதந்து சேர்ந்தன. புல்கெண்டை சிந்திச் சிதறித் தின்னும்; தின்பதில் ஒரு பங்கு அறுந்து போகும். ஓரத்தில் குனிந்து பார்த்தால் பாசித் தண்டுகள் இலையில்லாமல் குச்சியாக நின்றன. அடியில், பச்சை நிறத்தில் சின்னச் சின்ன உருளையாகக் கழிவு. ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினேன். இலைத் துணுக்கு நிறம்கூட மாறாமல் அப்படியே இருந்தது. பாதிதான் செரிக்கும் என்று படித்ததைக் கையில் பார்த்தாயிற்று.

பிறகு மார்கழி. 2023 டிசம்பர் 17, 18 எங்கள் பக்கம் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி இரண்டு கரையும் தாண்டியது. எங்கள் குளத்துக்கு ஆற்று வெள்ளம் வரவில்லை, ஆனால் மேலே உள்ள வயல் தண்ணீர் மொத்தமும் வரப்பை உடைத்துக்கொண்டு வந்து விழுந்தது. சல்லடை அசையவில்லை. ஆனால் வாழைச்சருகும் அறுந்த வேலம்பாசியும் வந்து கம்பியில் அப்பி, தண்ணீர் போக வழியில்லாமல் மட்டம் ஏறியது. மறுகாலுக்கு இடதுபக்கம் கரை தாழ்ந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்து ஓடியது. இருட்டில், அந்த மழையில் யாரும் போய் நிற்க முடியாது. கரை உடையவில்லை என்பதே பெரிசு. ஊரில் வாழையே போய்விட்டவர்கள் இருந்தார்கள், மீனைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

தை பிறந்த பிறகு மறுகாலைத் திருத்தினோம். சல்லடையைச் செங்குத்தாக நிறுத்தாமல், தண்ணீர் வரும் பக்கம் அடி முன்னால் இருக்கும்படி படுக்கவைத்துச் சாய்த்தோம். சருகு கம்பியில் ஏறி மேலே ஒதுங்கும், கீழே தண்ணீர் போகும். அகலம் நாலடியிலிருந்து எட்டடி. அதற்கு முன்னால் பத்தடி தள்ளி இரண்டு மூங்கிலைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டோம்; பெரிய குப்பை அதிலேயே நின்றுவிடும். தாழ்ந்த கரையில் மண் போட்டு ஒன்றரை அடி உயர்த்தினோம். அதன் பிறகு பெய்த மழைகளில் மறுகாலில் சருகு தள்ளும் வேலை பெரும்பாலும் ஒருவர் ஒரு மண்வெட்டியோடு முடிக்கிற வேலையாகிவிட்டது. அடைப்பு என்றால் மீனை நிறுத்துவது மட்டும் இல்லை, தண்ணீரை விடுவதும்தான். கம்பிகளுக்கு இடையே உள்ள மொத்த வெளியும் பழைய மறுகாலைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

எத்தனை மீன் மிச்சம் என்று அப்போது தெரியாது. பாசிதான் பதில் சொன்னது. மாசியில் வெயில் ஏறியதும் தின்னும் வேகம் கூடியது. தண்ணீர் சூடாக இருக்கும்போது இந்த மீன் ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதிக்குமேல், சில சமயம் எடைக்கு எடை பச்சையாகத் தின்னும். பங்குனி நடுவில் குளத்தின் நடுப்பகுதி வெறும் தண்ணீர். அடுத்தது ஓரம். தின்ற வரிசை இதுதான்: முதலில் வேலம்பாசி, அதோடு மேலே மிதக்கிற மிகச்சின்ன இலைப்பாசி. அப்புறம் கரையிலிருந்து தொங்குகிற அருகம்புல். அல்லியின் இளம் இலையைக் கடித்துப் பார்த்தது, முற்றிய தண்டைத் தொடவில்லை. கோரையில் முளைக்குருத்து மட்டும். நூல்பாசியைக் கடைசி வரை ஒதுக்கியே வைத்தது. அமலை, அதாவது ஆகாயத்தாமரை, எங்கள் குளத்தில் இல்லை; இருக்கிற குளத்துக்காரர்கள் புல்கெண்டையை நம்ப வேண்டாம், அமலைக்கு ஆள்தான் இறங்க வேண்டும்.

சித்திரையில் பாசி சுத்தமாகத் தீர்ந்தது. இங்கேதான் பலர் நிம்மதியாகத் திரும்பிப் போய்விடுகிறார்கள். மீனுக்கு அன்றைக்கும் பசிக்கும். போடாவிட்டால் கரைப்புல்லை வேரோடு இழுக்கும், கரை மண் சரியும், மீன் தலை பெருத்து உடல் சுருங்கும். மாட்டுக்கு வைத்திருந்த கோ-4 கம்பு நேப்பியர் தீவனப்புல்லில் கொஞ்சம் இதற்கு ஒதுக்கினேன். அப்போதைய எடைக்கு நாளைக்கு இருபது கிலோ பச்சை. அந்த அளவுக்கு நாலைந்து சென்ட் நேப்பியர், தண்ணீர் குறையாமல் இருந்தால், வருடம் முழுக்கத் தாங்கும். ஒரு கிலோ மீன் ஏற இருபத்தைந்து, முப்பது கிலோ பச்சைக்கு மேல் ஆகும். விலைக்குப் புல் வாங்கிப் போட்டு லாபம் பார்க்க முடியாது. வரப்பில் விளைவதைத்தான் போட வேண்டும்.

போடுவதற்கு ஒரு சட்டம் வேண்டும், இல்லையென்றால் குளம் முழுக்கத் தண்டு மிதக்கும். இரண்டு அங்குலப் பிவிசி பைப்பு, ஐந்தடி நீளத்தில் நாலு, மூலைக்கு ஒரு எல்போ, சொலூஷன் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டினால் மிதக்கும் சதுரம் ரெடி. ஒரு கம்பை நட்டு வளையத்தில் கட்டிவிட்டால் தண்ணீர் ஏற இறங்க அதுவும் ஏறி இறங்கும். சாயங்காலம் புல்லைச் சாண் நீளத்துக்கு நறுக்கி அதற்குள் போடுவோம். காலையில் மிஞ்சின தண்டை வாரி வெளியே போட்டுவிட வேண்டும், அழுகவிடக்கூடாது.

அப்போதுதான் மீனை முதன்முதலாக நன்றாகப் பார்த்தேன். சட்டத்துக்கு அடியில் ஒரு நிழல் வரும். புல்லின் நுனியை வாயில் வாங்கும், இழுக்காது. இலை விட்டு விட்டு உள்ளே போகும், ஒவ்வொரு தடவையும் ஒரு அரைபடும் சத்தம். அசையாமல் கரையில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஆள் நிழல் பட்டால் வாலை ஒரு வெட்டு வெட்டிப் போய்விடும், அரைமணி நேரம் வராது. மைனிதான் தினமும் புல் போடுவார்கள். அவர்கள் போட்டால் வருகிறது, நான் போனால் வருவதில்லை.

வாழை இலையையும் கிழித்துப் போடலாம், தின்னும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வாழைக்குக் குருணை மருந்து வைத்திருந்தாலும், இலைக்கு மருந்து அடித்திருந்தாலும் அந்த இலை குளத்துக்குப் போகக்கூடாது. மருந்து அடித்த கைத்தெளிப்பானைக் குளத்தில் கழுவுவதும் அதே கதைதான். புல்லுக்கும் இது பொருந்தும்.

பாசி போன பிறகு வந்த இன்னொரு மாற்றம், தண்ணீர் பச்சையாவது. வேலம்பாசி பிடித்து வைத்திருந்த சத்து முழுக்க இப்போது தண்ணீரில். அதை நுண்பாசி எடுத்துக்கொள்ளும். ஓரளவு பச்சை கட்லாவுக்கு நல்லது. கையை நீட்டித் தண்ணீருக்குள் இறக்கினால் முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைய வேண்டும். அதற்கு முன்பே மறைந்தால் பச்சை அதிகம், புல்லைக் குறைக்க வேண்டும். 2024 ஐப்பசியில் தொடர்ந்து மூடாப்பு போட்ட சமயத்தில் ஒரு விடியற்காலை கட்லா எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. வெயில் இல்லாததால் பகலில் ஆக்சிஜன் உண்டாகவில்லை, ராத்திரியில் இருந்ததும் தீர்ந்துவிட்டது. மோட்டாரைப் போட்டு, அதே தண்ணீரை உயரத்திலிருந்து குளத்துக்கே பீய்ச்சிவிட்டோம். வெயில் வரும்வரை புல் நிறுத்தம். ஒன்றிரண்டு கட்லாவோடு போயிற்று.

வலை போட்டது அதற்கு முன்னால், 2024 வைகாசியில். புல்கெண்டையைப் பிடிப்பது தனி வித்தை. இழுவலை பாதி தூரம் வரும்வரை அமைதியாக முன்னால் ஒதுங்கிப் போகும், இடம் சுருங்கியதும் வலையின் மேல்கயிற்றைத் தாண்டிக் குதிக்கும். ஒன்று குதித்தால் வரிசையாகக் குதிக்கும். வலைக்காரர்கள் இதற்கென்றே இரண்டு பேரைப் பின்னால் நிறுத்தி மேல்கயிற்றை இடுப்பளவுக்குத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். அப்படியும் ஒன்று ஓர் ஆளின் மார்பில் இடித்துவிட்டு அந்தப் பக்கம் போனது. எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொன்று. வெள்ளத்திலும் மற்ற வழிகளிலும் பத்தொன்பது போயிருக்கிறது. பெரியது ஒன்றரைக் கிலோ, மற்றவை ஒரு கிலோ ஏறத்தாழ. இருபது பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப விட்டோம். கட்லாதான் பணம் தந்தது. புல்கெண்டையை ஊரில் அரைமனதோடுதான் வாங்குகிறார்கள், முள் அதிகம் என்று.

முள் அதிகம்தான். சதைக்குள் இரண்டாகப் பிரிந்த சின்ன முட்கள் வரிசையாக இருக்கும். பொரிக்கிறதாக இருந்தால் துண்டின் இரண்டு பக்கமும் நெருக்கமாகக் கீறிவிட்டுப் பொரித்தால் முள் நொறுங்கிவிடும். தேங்காய் அரைத்த குழம்புக்கு வயிற்றுப் பக்கத் துண்டு நல்லது. மீன் கழுவும்போது ஆச்சி, "இதுக்குப் பல்லே இல்லியே, எதை வச்சு அம்புட்டுப் புல்லையும் தின்னுச்சு?" என்று கேட்டார்கள். தாடையில் பல் கிடையாது. செவுளைத் திறந்து தொண்டைக்குள் விரலை விட்டால் அங்கே இருக்கிறது, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வரிசை, ஓரம் அரம் போட்டது போன்ற பள்ளங்களோடு. எதிரே மேலண்ணத்தில் கடினமான ஒரு மேடு. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் புல் அரைபடுகிறது. கரையில் கேட்டது அந்தச் சத்தம்தான். ஆச்சி அந்தப் பல்லைத் தனியாக எடுத்துக் கழுவித் திண்ணையில் வைத்துப் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார்கள்.

பாசி போனதைப் பார்த்து, ஊர்ச் சர்க்கார் குளத்திலும் இதை விடலாமே என்று பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். காரணம் இரண்டு. ஒன்று, அந்தக் குளத்தின் மறுகால் நேரே வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் போகிறது. அவ்வளவு அகலத்துக்குச் சல்லடை போட முடியாது. அமெரிக்காவில் இதனால்தான் பல மாநிலங்களில் மலட்டு மீனை மட்டும், அதுவும் அனுமதி வாங்கி விடச் சொல்கிறார்கள். முட்டைக்கு அழுத்தம் கொடுத்து மூன்று தொகுதி குரோமோசோம் உள்ளதாக மாற்றினால் அந்த மீன் குஞ்சு பொரிக்காது. அப்படியும் முந்தித் தப்பிய மீன்கள் ஈரி ஏரியில் விழும் ஓர் ஆற்றில் முட்டையிட ஆரம்பித்துவிட்டன. இரண்டாவது, பறவைகள். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிற வாத்துகளும் நாமக்கோழிகளும் சுற்றுவட்டாரக் குளங்களில் மேய்வது இந்தப் பாசியைத்தான். அயிரையும் கெண்டைப்பொடியும் ஒளிந்து முட்டையிடுவதும் அதிலேதான். எங்கள் குளம் வாழைக்கு இறைக்க வெட்டியது, அதைச் சுத்தமாக வைத்துக்கொள்வது என் இஷ்டம். ஊர்க்குளத்தை ஒரே மீனுக்கு எழுதிவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

"பாசி புட்வால்வுல சுத்துனா?" என்றார் பக்கத்து வயல் அண்ணாச்சி.

"டிரம்மு போடுங்க, அண்ணாச்சி."

என் குளத்திலேயே இப்போது முழுக்கத் துடைப்பதில்லை. மேற்கு மூலையில் அல்லி நிற்கிற இடத்தைச் சுற்றி நாலு கம்பு நட்டு வலைக்கம்பியால் அடைத்துவிட்டேன். அதற்குள் வேலம்பாசி இருக்கட்டும். தவளையும் பொடிமீனும் அங்கே இருக்கின்றன. 2025 வைகாசியில் பழைய மீன் எல்லாவற்றையும் பிடித்தாயிற்று. அவை மூன்று கிலோவை ஒட்டி வந்துவிட்டன, எடை ஏற ஏறத் தின்பதைவிட இடத்தை அடைப்பதுதான் அதிகம். அந்த ஆவணியில் புதிதாக இருபத்தைந்து மட்டும் விட்டேன், ஐந்து அங்குலக் குஞ்சு, ஒவ்வொன்றின் முதுகுத் துடுப்பையும் பார்த்து. சேற்றுக் கிழங்கிலிருந்து வருடா வருடம் எழுகிற பாசிக்கு அது போதும். குறைந்தால் அடுத்த ஆவணியில் பத்து சேர்க்கலாம். அதிகமானால் வலைக்காரருக்குக் கூலி கொடுத்துக் குறைக்க வேண்டும். நேப்பியர் திரும்ப மாட்டுக்கே போகிறது.